இராவணனுக்கு எத்தனை தலை?

வாவிக்கரை அரங்கு: வரலாற்றுத் தொடர் – பகுதி 14

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி அயோத்தியில் ஒரு முன்னோட்டக் காட்சி வெளியிடப்பட்டது. ஓம் ராவுத் இயக்கிய ‘ஆதிபுருஷ்’ படத்துக்கான முன்னோட்டம் அது. இராமனாகப் பிரபாஸ், இராவணனாக சைஃப் அலி கான். வௌவாலைப் போன்ற ராட்சத விலங்கொன்றின் மேல் ஏறி இலங்கை வேந்தன் வானத்தில் வந்தான். கோடிக்கணக்கில் பணம் கொட்டிக் கணினியில் உருவாக்கிய அந்தக் காட்சியைப் பார்த்து இந்தியா முழுவதும் சிரித்தது. 2023 ஜனவரியில் வரவேண்டிய படம், வரைகலையைத் திருத்துவதற்காக ஜூன் 16ஆம் திகதிக்குத் தள்ளிப்போனது. வந்த படத்தில் இராவணனுக்குப் பத்துத் தலைகளும் இருந்தன, இரண்டு அடுக்காக. அப்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், 1960களின் நடுவில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘இராவணேசன்’ என்ற கூத்தை மேடையேற்றினார்கள். தயாரித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். எழுத்தும் இராவணன் வேடமும் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுருவுடையவை. அந்த மேடையில் நின்றது ஒரு மனிதத் தலை, ஒரு மனித உடல். போரில் ஒவ்வொருவராக இழந்தும் பணியாமல் நிற்கும் ஓர் அரசனின் மனப்போராட்டத்தை வடமோடி என்ற கூத்துமரபின் ஆட்டத்தில் அந்த உடல் காட்டியது. அன்று யாரும் சிரிக்கவில்லை. இலங்கைத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றுவரை அந்த இராவணனைக் கடந்து போவதில்லை.

பத்துத் தலையை நம்பாத கண், ஒற்றைத் தலையை எப்படி நம்பியது? இந்தப் பகுதி அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. விடையைத் தேடி மட்டக்களப்பு வாவிக்கரையின் கூத்துக் களரிகளுக்கும் போகவேண்டும். கடல் கடந்து, கணினியில் உயிர் படைக்கும் கூடங்களுக்கும் போகவேண்டும்.

சென்ற பகுதியில் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் வனவாசத்தையும் தவநிலையையும் தீமிதிப்பையும் பார்த்தோம். அங்கே பாண்டவராக வருகிறவர் நடிகர் அல்லர். நோன்பிருந்து, விதி காத்து, அம்மன் முன்னிலையில் அந்த நிலையை ஏற்றவர். அவரைக் கும்பிடுகிற பெண்ணுக்கு அது நாடகம் இல்லை, பக்தி. கூத்துக் களரி வேறு. பகலில் வயலில் நின்றவர்தான் இரவில் துரியோதனன் என்பது பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவருடைய மச்சானும் மாமியும் பக்கத்திலேயே பாயில் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டே நம்புகிறார்கள். பக்தியில் ஐயத்துக்கு இடமில்லை. களரியிலோ ஐயம் உண்டு. ஆனால் விடியும்வரை அதை ஓர் ஓரமாக வைத்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், அமானுடப் பாத்திரங்களைக் கவிதையில் வைத்தால் வாசகர் என்ன செய்கிறார் என்று 1817இல் எழுதியபோது சொன்னதும் இதைத்தான்: வாசகர் தம் அவநம்பிக்கையைத் தாமாக விரும்பிச் சற்று நேரம் ஒதுக்கிவைக்கிறார். அச்சில் அந்தச் சொல் வந்ததோ வரவில்லையோ, களரியைச் சுற்றிப் பாய் விரித்தவர்களுக்கு அந்த வித்தை பழக்கமானதுதான்.

அந்தச் சம்மதத்தைக் களரி எப்படிப் பெறுகிறது என்று பார்த்தால் முதலில் வியப்பே வரும். எதையும் மறைக்காமல் பெறுகிறது. வட்டக்களரியில் மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கம்பு நட்டு, வெளிச்சம் ஏற்றுவார்கள். முன்பு தீப்பந்தம், பிறகு பெற்றோமக்ஸ், இப்போது மின்குமிழ். நடுவில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் ஏடு பார்த்துச் சொல்பவர், சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரர். மாயத்தை உண்டாக்கும் யந்திரம் முழுவதும் களரியின் நட்ட நடுவே, எல்லாக் கண்களுக்கும் முன்னால் இருக்கிறது. கூத்தர்கள் அதைச் சுற்றித்தான் ஆடுகிறார்கள். நான்கு பக்கமும் சனம். ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு, ஆடுகிற அரசனுக்கு அப்பால் எதிர்ப்பக்கத்தில் கொட்டாவி விடுகிற அயலவரின் முகமும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த இடத்தில் அரக்கன் வருகிறான்.

வரவுதான் எல்லாம். பாத்திரம் கண்ணில் படும் முன்பே தாளக்கட்டு வந்துவிடும். அரசனுக்கு ஒரு தாளக்கட்டு, பெண்ணுக்கு ஒன்று, அரக்கனுக்கு இன்னொன்று. கூத்துப் பழகிய ஊரில், மத்தளத்தின் முதல் அடியிலேயே வருகிறவர் யாரென்று சிறுபிள்ளைகளுக்கும் பிடிபட்டுவிடும். பல ஊர்களில் இரண்டு பேர் வெள்ளைச் சீலையொன்றைத் திரையாகப் பிடித்து, அதன் பின்னால் கூத்தரைக் களரிக்குக் கொண்டுவருவார்கள். சதங்கை ஒலி கேட்கும், காலும் முடியும் தெரியும், முகம் தெரியாது. சீலை விலகும்போது பார்ப்பவரின் மனம் பாதி அரக்கனை ஏற்கெனவே கட்டி முடித்திருக்கும். பிறகு அந்தப் பாத்திரம் தன் வரவைத் தானே படர்க்கையில் பாடும். நான் வந்தேன் என்று சொல்லாது; இன்னார் வந்தார் என்று தன்னையே காட்டிப் பாடும். ஆடுகிறவர் வேறு, ஆடப்படுகிறவர் வேறு என்பதை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே இரண்டையும் ஒன்றாக்குகிற துணிச்சல் அது.

உடுப்பும் உடலை மாற்றிவிடும். வடமோடியில் அரசர்களும் அரக்கர்களும் அணிவது கரப்புடுப்பு. வாவியின் ஆழம் குறைந்த இடங்களில் மீன் பிடிக்கும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் வளையச் சட்டம். அதன் மேல் துணி. தலையில் முடி, தோளில் புஜகிரீடம், எல்லாம் கண்ணாடித் துண்டும் வர்ணத் தாளும் ஒட்டியவை. இதைக் கட்டியவர் சாதாரணமாக நடக்க முடியாது. திரும்பினால் உடுப்பு அரைக்கணம் தாமதித்துத்தான் திரும்பும். குதித்தால் சற்றுப் பிந்தி இறங்கும். பொடியடி, வீசாணம், எட்டு, நாலடி என்று அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கிய ஆட்டங்கள் அந்தப் பாரத்தோடு சேரும்போது, ஆறடிக்குக் குறைந்த ஒரு மனிதர் களரியை நிறைத்துவிடுகிறார். தேர் இல்லை, ஆட்டத்தில் தேர் ஓடுகிறது. ஆறு இல்லை, ஆட்டத்தில் கடக்கிறார்கள். ‘பதினெட்டாம் போர்’ நடக்கும் இரவில் குருக்கேத்திரம் முழுவதும் அந்த மண்திட்டுக்குள் அடங்கிவிடும். மற்றக் கூத்துமரபான தென்மோடியில் உடுப்பு இலேசு, தாளக்கட்டு நுணுக்கம், பாட்டுக்கு இழைவு அதிகம். பாரமான அமானுட உருவங்களுக்கு வடமோடியே இயல்பான வீடு.

பரத சாத்திரம் இதை நாட்டியதர்மி என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. உலகத்தில் உள்ளபடி காட்டுவது லோகதர்மி. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் ஒரே நூலுக்குள் அருகருகே வைத்துத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். ‘அலங்காரரூபன்’, ‘இராம நாடகம்’ ஆடிய அண்ணாவிமார் இந்த நூல்கள் எதையும் படித்துவிட்டுக் களரிக்கு வரவில்லை. கற்றது காலிலும் காதிலும்.

இந்த அறிவைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துச் சென்றவர் வித்தியானந்தன். சிங்கள அரங்கில் எதிரிவீர சரச்சந்திரா 1956இல் ‘மனமே’ மூலம் நாடகம என்ற கிராமிய வடிவத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டிருந்தார். தமிழருக்கும் அப்படியொரு வேர் உண்டு என்று காட்ட வித்தியானந்தன் மட்டக்களப்பை நாடினார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ அடுத்த ஆண்டிலும், பிறகு ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலி வதை’யும் பேராதனையில் உருவாயின. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடிய கூத்து சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தது. வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை வந்தது. பார்ப்பவர்கள் இருளுக்குள் போனார்கள். ஒளி முழுவதும் நடிகர் மேல் விழுந்தது.

அந்த மாற்றத்தால் கூத்து இழந்தவை பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது. அது நிரூபித்த ஒன்றை இங்கே சொல்லிவிடலாம். களரி போய், தீப்பந்தம் போய், ஊரும் உறவும் சூழ்ந்திருந்த இரவு போய்விட்ட பிறகும் இராவணன் நின்றான். தாளமும் உடற்பாரமும் மனப்போராட்டமும் ஒன்றாக இருந்தவரை, புதிய மேடையிலும் அவனை ஏற்றார்கள்.

இதே காலத்தில் தமிழ்ப் படங்கள் இலங்கைத் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தன. 1957இல் வந்த ‘மாயா பஜார்’ பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. கே.வி. ரெட்டி இயக்கம், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. கடோத்கசனாக வந்த எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்துபோகும் தந்திரக்காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் பெரிய மாயம் வேறு. கடோத்கசன் மணப்பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் புகுகிறான். திரையில் நிற்பது சாவித்திரி. உருவத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தந்திரமும் இல்லை. தோளை நிமிர்த்துகிற விதம், அடியெடுத்து வைக்கிற பாரம், யாரும் பார்க்காத கணத்தில் வெளிப்படும் ஆண்மிடுக்கு, பார்த்தவுடன் மறைக்கிற நாணம் ஆகியவற்றாலேயே அந்தப் பெண்ணுடலுக்குள் ஓர் அரக்கன் இருக்கிறான் என்று அவர் காட்டிவிடுகிறார். இன்றைக்கு அதைப் பார்த்தாலும் உள்ளே கடோத்கசன் தெரிகிறான். ஆண்களே பெண் பாத்திரங்களையும் ஆடிய களரியை அறிந்த வாவிக்கரைக்கு இந்த வித்தை புதிதல்ல. எதிர்த்திசையில் செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

பிறகு போர் வந்தது. வாவிக்கு மேற்கே, மின்சாரம் எட்டாத படுவான்கரை ஊர்களில் ஜெனரேற்றர் பிடித்து, டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து ஓரிரவில் மூன்று நான்கு படம் போட்ட காலம் அது. பாய் விரித்து விடியும்வரை பார்க்கும் பழக்கம் கூத்துக்குரியது. அதே பாயில் இப்போது பெட்டி வந்து உட்கார்ந்தது.

உலகத்தின் இன்னொரு மூலையில், திரையின் அமானுடர்களைப் படைக்கும் வழியே அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. 1986இல் ஜோன் லாசெட்டர் ‘லக்சோ ஜூனியர்’ என்ற மிகச் சிறிய படத்தைச் செய்தார். ஒரு பெரிய மேசைவிளக்கு, ஒரு குட்டி மேசைவிளக்கு, ஒரு பந்து. விளக்குக்குக் கண் இல்லை, வாய் இல்லை, முகமே இல்லை. குட்டி துள்ளும்போது எழுகிற வேகமும் விழும்போது தொய்கிற பாரமும்தான் அதன் குணம். பார்ப்பவர்கள் அதைக் குழந்தையாகவே கண்டார்கள். கணினிப் பாத்திரத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. கணினியில் ஓர் உருவத்தின் வெளித்தோற்றத்தை வலைபோலப் பின்னி, அதற்குள் எலும்புச் சட்டம் வைத்து, தோலும் மயிரும் ஒளியும் சேர்த்துவிடலாம். அவ்வளவும் முடிந்தபின் அங்கே கிடப்பது பிணம். அது எங்கே பாரத்தை வைக்கிறது, திரும்பும் முன் எவ்வளவு தயங்குகிறது, நிலத்தில் கால் பட்டதும் உடலில் எது பிந்தி அசைகிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அதற்கு உயிர் வரும். அண்ணாவியார் மாதக்கணக்கில் காலுக்குப் பழக்கியதும் இதே கேள்விகளைத்தான்.

1993இல் ‘ஜுராசிக் பார்க்’. அந்தப் படத்தில் கணினியில் செய்த டைனோசர்கள் சில நிமிடங்களே திரையில் இருந்தன. பல காட்சிகளில் வந்தவை ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த பெரிய யந்திரப் பொம்மைகள். மிகப் பெரிய விலங்கு வரும் இரவை நினைத்துப் பார்க்கலாம். மழை, நின்றுபோன வாகனம், குவளைத் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு. விலங்கு இன்னும் வரவில்லை. அதன் அடி வந்துவிட்டது. அந்த வளையங்களை உண்டாக்க ஒரு கிற்றார்க் கம்பியைக் கட்டி மீட்டினார்கள். ஸ்பீல்பேர்க் மட்டக்களப்புக் கூத்தைப் பார்த்தவர் அல்லர். ஆனாலும் அரக்கன் வரும் முன் தாளம் வரவேண்டும் என்ற விதியை அவர் கைவிடவில்லை. விலங்கு திரைக்கு வரும்போது பார்ப்பவரின் மனம் அதைப் பாதி படைத்து முடித்திருந்தது.

2002இல் வந்த கொல்லும் என்ற பாத்திரம் இன்னொரு கதவைத் திறந்தது. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்துக்குக் குரல் கொடுக்க மட்டுமே ஆண்டி செர்கிஸ் முதலில் அழைக்கப்பட்டார். குரலை எழுப்ப அவர் உடலைக் குறுக்கி, நாலு காலில் தவழ்ந்து, தொண்டையை நெரித்துக்கொண்டதைப் பார்த்த இயக்குநர் பீட்டர் ஜக்சன், அந்த உடலையே பாத்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். திரையில் தெரிந்தது கணினியில் பின்னிய தோல். உள்ளே ஆடியது ஒரு மனிதர். கரப்புடுப்புக்குள் ஒரு விவசாயி ஆடியதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

தமிழ்த் திரையில் இந்தப் பாடம் எங்கே பலித்தது, எங்கே தவறியது என்று பார்க்க இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்கள் போதும்.

2012 ஜூலையில் ‘நான் ஈ’. எஸ்.எஸ். ராஜமௌலி இயக்கியது, ஈயைச் செய்தது ஹைதராபாத்தின் மகுடா நிறுவனம். நாயகன் சாகிறான், ஈயாகப் பிறக்கிறான், தன்னைக் கொன்றவனைப் பழிவாங்குகிறான். ஒரு வரியில் சொன்னால் எவரும் நம்பாத கதை. ஈக்குப் பேச்சு இல்லை. முகத்தில் பெரும்பகுதி கண். அந்தக் கண்ணிலும் பாவம் காட்ட முடியாது. மிஞ்சியது உடல் மட்டும். முன்காலைத் தேய்ப்பதில் கோபம், தலையைச் சரிப்பதில் யோசனை, சிறகை நிமிர்த்துவதில் சபதம். எதிரே நடித்த சுதீப், படப்பிடிப்பில் இல்லாத ஓர் ஈயை வெறும் காற்றில் பார்த்துப் பயந்தார், விரட்டினார், தன்னையே அறைந்துகொண்டார். பாதி ஈயை மகுடா செய்தது. மறுபாதியைச் சுதீப்பின் கண் செய்தது. இல்லாத தேரில் ஏறி இல்லாத ஆற்றைக் கடக்கும் கூத்தரின் தொழில் அது. சிறந்த விசேட வரைகலைக்கான இந்திய தேசிய விருது அந்தப் படத்துக்குப் பொருத்தமாகவே கிடைத்தது.

2014 மே மாதம் ‘கோச்சடையான்’. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம். நடிகர்களின் அசைவைப் பதிந்து, முழுப் படத்தையும் கணினி உருவங்களால் நடத்திய முயற்சி. 2009இல் மறைந்த நாகேஷைக்கூட அதில் மீண்டும் உருவாக்கினார்கள். துணிச்சலான முயற்சி, அதைச் செய்தவர்களின் உழைப்பை மதிக்கவேண்டும். ஆனாலும் பார்ப்பவர்கள் இடறினார்கள். திரையில் நின்றது ரஜினிகாந்தின் முகம். தமிழர் நாற்பது ஆண்டாகப் பார்த்துப் பழகிய முகம், அதன் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்த முகம். அதே முகம் கண்ணில் ஒளியில்லாமல், கன்னத்தில் தசை அசையாமல் பேசியபோது, அறிந்த ஒருவரை நோயில் பார்த்த கலக்கமே வந்தது. முன்பின் பார்க்காத ஈயை ஏற்ற கண்கள், நன்கு அறிந்த முகத்தின் நகலை ஏற்க மறுத்தன.

இதற்கு ஒரு விளக்கம் 1970இலேயே வந்திருந்தது. மசாஹிரோ மோரி என்ற யப்பானிய ரோபோ ஆய்வாளர், உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் பரிவு கூடும், ஆனால் மிக நெருங்கிய ஓர் இடத்தில் சட்டென்று பள்ளத்தில் விழுந்து அருவருப்பாக மாறும் என்று எழுதினார். அந்தக் கட்டுரையின் இன்னொரு பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. பள்ளத்தைத் தாண்டி, பரிவு உயர்ந்த மறுகரையில் மோரி வைத்தது புன்ராக்கு என்ற யப்பானியப் பாவைக்கூத்தை. ஆட்டுகிறவர்கள் மேடையில் கண்ணுக்குத் தெரிய நிற்கிறார்கள். பாவையின் தோல் மரம். அரங்கில் தள்ளியிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த அசைவு போதுமாகிவிடுகிறது. மனிதரைப் போலிருத்தல் வேறு, மனிதராக ஏற்கப்படுதல் வேறு என்பதற்கு மோரியே காட்டிய சான்று இது.

நமக்கு இன்னும் அருகில் சான்று இருக்கிறது. ஐப்பசியில் கந்தசட்டி முடிவில் முருகன் கோயில்களில் நடக்கும் சூரன்போரில், மரத்தில் செய்த சூரனைத் தோளில் சுமந்து வருவார்கள். ஒரு தலையைக் கழற்றி இன்னொரு தலை: யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம். தலை மாற்றுவதைச் சனம் முழுவதும் பார்க்கிறது. ஆனால் சுமக்கிறவர்கள் அந்த மரவுடலைக் குலுக்கி, பின்வாங்கி, சட்டென்று வேலுக்கு எதிரே பாய்ந்தோடும் கணத்தில், முன்வரிசையில் நிற்கிற பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்துக்கொள்கிறது. மரத்துக்கு முகபாவம் இல்லை. இருபது தோள்களின் ஓட்டமும் மேளமும்தான் சூரன். பத்துத் தலையைக் கணினியில் அசைத்தவர்களுக்கும் தலை குறைவாக இருக்கவில்லை. அந்தத் தலைகளுக்குக் கீழே பாரம் தாங்கும் ஓர் உடல் இல்லாமல் போனதுதான் குறை.

விலங்குகளுக்கும் இது பொருந்தும். மட்டக்களப்பின் மரபு ஆட்டங்களில் புலிக்கூத்து ஒன்று. மனிதர் புலியாகி ஆடுவது. 2012இல் ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஒஃப் பை’ படத்தில் பாண்டிச்சேரிச் சிறுவனோடு படகில் அகப்பட்ட ரிச்சர்ட் பார்க்கர் என்ற வேங்கையும் அத்தகைய ஆட்டமே. சில காட்சிகளில் உண்மைப் புலி. பெரும்பாலானவற்றில் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கணினிப் புலி. உண்மைப் புலியை மணிக்கணக்காகப் படம்பிடித்து, அதன் தோள்பட்டை எப்படிச் சரிகிறது, ஈரத்தில் மயிர் எப்படி ஒட்டுகிறது என்று கவனித்துச் செய்தார்கள். மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருந்த அந்நிறுவனக் கிளைகளும் அந்த நிறுவனத்தின் உழைப்பில் பங்கு கொண்டவை. 2013 பெப்ரவரியில் ஒஸ்கார் விருது கிடைப்பதற்குச் சில நாட்கள் முன்பே நிறுவனம் திவாலாகிவிட்டது. விருது விழா நடந்த அரங்குக்கு வெளியே வரைகலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். உள்ளே விருது வாங்கியவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இசையை எழுப்பிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உலகம் நம்பிய புலியைச் செய்தவர்களுக்கு அந்த மேடையில் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. மத்தளத்தோடு இரவு முழுவதும் நின்றுவிட்டு விடிந்ததும் வயலுக்குப் போகும் அண்ணாவிமாரை அறிந்த ஊருக்கு, இந்தச் செய்தி தூரத்துச் செய்தியாகத் தோன்றாது.

இப்போது, தள்ளிவைத்த விடயத்துக்கு வரலாம். வித்தியானந்தனின் படச்சட்ட மேடை கூத்துக்கு மதிப்பைத் தந்தது. கூடவே, கூத்தைப் பார்க்க மட்டுமே உரிய பொருளாக்கி, பார்ப்பவரை இருளில் இருத்தியது. இந்த விமர்சனத்தைச் செயலால் முன்வைத்தவர்கள் மட்டக்களப்பின் சீலாமுனை மக்களும் சி. ஜெயசங்கரும். 2000களில் அங்கே தொடங்கிய கூத்து மீளுருவாக்கம், வட்டக்களரியையே இடமாகக் கொண்டது. ஊரார் கூடியிருந்து கூத்தின் கதையையும், பெண்களையும் சாதியையும் அது காட்டும் விதத்தையும் விவாதித்து மாற்றினார்கள். ஜெயசங்கர் சார்ந்த ‘மூன்றாவது கண்’ குழு அந்த வழியைத் தொடர்ந்து எடுத்துச் செல்கிறது. நம்பிக்கை என்பது நடிகர் தருவதும் பார்ப்பவர் வாங்குவதும் மட்டுமல்ல, இருவரும் சேர்ந்து பேசி முடிவுசெய்வது என்ற நிலைக்குச் சீலாமுனை கூத்தைக் கொண்டுசென்றது. மௌனகுருவும் 1960களின் இறுதியில் ‘சங்காரம்’ நாடகத்தில் சாதியையும் வர்க்கத்தையும் அரக்கர்களாக வடமோடியில் ஆடவைத்திருந்தார். உருவமே இல்லாத கொடுமைகளுக்கு உடல் கொடுத்து ஆடவைக்க அந்த ஆட்டமுறையால் முடிந்தது.

கல்லடியில் 1982இல் சுவாமி விபுலாநந்த இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியல் கற்கைகள் நிறுவகமாக இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் ஒரு துறை. கட்புலமும் தொழினுட்பமும் சார்ந்த கலைகள் இன்னொரு துறை. ஒரே வளாகத்தில் ஒருபுறம் வீசாணம் பழகுகிறார்கள். மறுபுறம் கணினித் திரையில் உருவம் வரைகிறார்கள். பொடியடியில் கால் எங்கே பாரம் வைக்கிறது, கரப்புடுப்பு எத்தனை கணம் பிந்தித் திரும்புகிறது, அரக்கன் வரவில் கழுத்து எப்போது நிமிர்கிறது என்பவற்றை அண்ணாவிமார் ஆடிக்காட்டும்போதே நுணுக்கமாகப் பதிந்து வைக்கலாம். அதற்கான கருவிகள் இன்று எட்டாத விலையில் இல்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தது போல ஆட்டத்தையும் பதிப்பிக்கவேண்டும். முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலை காத்திருக்காது. நாளை வாவிக்கரைப் பிள்ளை ஒருவர் கணினியில் ஓர் இராவணனைச் செய்ய உட்கார்ந்தால், அவருக்கு வேண்டிய நடை ஹொலிவூட்டில் இல்லை. வந்தாறுமூலையிலும் சீலாமுனையிலும் இருக்கிறது.

அடுத்த பகுதியில்: மந்திரவாதிகள் ஒருவரையொருவர் சவாலுக்கு அழைக்கும் மகிடிக்கூத்து.